கறிக்கு உதவுமா ஏட்டுச் சுரைக்காய்?

வாழ்க்கைக்குத் தேவையானதைப் பள்ளியே கற்றுத்தர வேண்டும் என்று 1937 முதல் எல்லோரும் சொல்கிறார்கள். அது ஏன் நடக்கவில்லை? எப்படிச் செய்தால் நடக்கும்? இரண்டாவது கேள்விக்கான விடை ஒரு மகாராஷ்டிர கிராமத்தில் நாற்பது ஆண்டுகளாகவே இருக்கிறது.

கேள்வி மிகவும் சுலபமானதுதான். ஸ்கேலை ஒட்டி ஒரு பொருள் இருக்கிறது. அதன் நீளம் எவ்வளவு? 'பிரதம்' அமைப்பின் 'அசர்' ஆய்வுக் குழுவினர் 2023-ல் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரைச் சந்தித்தார்கள். பொருளின் முனை பூஜ்யத்தில் இருந்தபோது சுமார் 85 சதவிகிதம் பேர் சரியாகச் சொன்னார்கள். முனையைச் சற்று நகர்த்தி வேறோர் எண்ணில் வைத்துக் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் சுமார் 39 சதவிகிதம்தான்.

தச்சுப் பட்டறையில் ஒரு வாரம் எடுபிடி வேலை பார்த்த பையன் இந்தக் கேள்வியில் தடுமாற மாட்டான். டேப்பின் நுனி தேய்ந்திருந்தால் பத்தாவது சென்டிமீட்டரில் வைத்து அளந்து, கடைசியில் பத்தைக் கழித்துவிடுவது அங்கே அன்றாடப் பழக்கம். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பட்டறைப் பையன்கள் அல்ல. அவர்களில் 86.8 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருந்தவர்கள். ஸ்கேலைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைப் பள்ளி அவர்களுக்குச் சொல்லியிருந்தது. அளப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

பணம் சம்பந்தப்பட்ட கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். கழித்தல் கணக்காவது போடத் தெரிந்தவர்களிடம் மட்டும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. கையிலிருக்கும் பணத்துக்குள் செலவைத் திட்டமிடும் கணக்கை 60 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் போட்டார்கள். கடையில் தள்ளுபடி போக எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை 37 சதவிகிதம் பேர் சொன்னார்கள். வாங்கிய கடனுக்கு வட்டியோடு எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர். இத்தனைக்கும் இவர்களில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் அந்த போனில்தான் வருகின்றன.

இப்படி ஒவ்வொரு முறை புள்ளிவிவரம் வரும்போதும் ஒரு பழைய கோரிக்கை தூசி தட்டி எடுக்கப்படுகிறது: பள்ளிகள் வாழ்க்கைக்கு உதவும் திறன்களைக் கற்றுத்தர வேண்டும். சமையல், தையல், ஃபியூஸ் போடுவது, வங்கிக் கணக்கு, முதலுதவி, நீச்சல். எதிர்ப்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை. எதிர்ப்பே இல்லாத ஒரு யோசனை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏன் நிறைவேறவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ராட்டையில் தொடங்கிய கதை

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்கு மகாத்மா காந்தி தலைமை வகித்தார். ஆங்கில ஆட்சியின் கல்வி முறை குமாஸ்தாக்களை உருவாக்குகிறதே தவிர மனிதர்களை உருவாக்கவில்லை என்பது அவரது வாதம். ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் போதனை, ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்கள் என்று மாநாடு தீர்மானித்தது. பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு, பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழுவிடம் தரப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்திலிருந்து சாந்திநிகேதன் வழியாக வார்தாவுக்கு வந்து சேர்ந்த ஆரியநாயகமும் அதில் இருந்தார்கள்.

குழு தந்த கால அட்டவணை இன்று படித்தாலும் திகைக்க வைக்கும். பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு மட்டும் மூன்று மணி இருபது நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றும் சேர்ந்து நாற்பது நிமிடம். தாய்மொழிக்கு நாற்பது. சமூகப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து முப்பது. நூல் நூற்கும்போதே இழையின் எண்ணிக்கையில் கணக்கு வரும், பருத்தி விளையும் மண்ணில் பூகோளம் வரும், துணி வணிகத்தில் சரித்திரம் வரும் என்பது அதன் அடிப்படை. தொழிலாளியை உருவாக்குவது நோக்கமல்ல. தொழிலை வைத்துக் கல்வி தருவதுதான் நோக்கம். மறு ஆண்டு ஹரிபுரா காங்கிரஸ் இதை ஏற்றுக்கொண்டது. சேவாகிராமத்தில் ஆரியநாயகமும் அவரது மனைவி ஆஷா தேவியும் இந்த 'நயீ தாலீம்' கல்வியை முன்னின்று நடத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஆதாரக் கல்வி என்ற பெயரில் அது அரசுக் கொள்கையாகவும் ஆயிற்று.

ஆனால் கொள்கை பள்ளிக்கூடத்தை அடைவதற்குள் உருமாறிவிட்டது. பருத்தி வந்த மாதம் ஆசிரியர் இருக்க மாட்டார். ஆசிரியர் இருந்த மாதம் பருத்தி வராது. தக்ளி சுற்றுவது ஒரு சடங்காயிற்று. நூற்பு ஒரு பக்கமும் பாடங்கள் இன்னொரு பக்கமும் போய், இரண்டையும் இணைப்பதாகச் சொன்ன தத்துவம் ஏட்டில் தங்கிவிட்டது. மாணவர்கள் செய்யும் பொருளை விற்றே பள்ளிச் செலவின் ஒரு பகுதியை ஈட்டலாம் என்ற எண்ணம், பிள்ளைகளைக் கூலியாட்கள் ஆக்கிவிடும் என்ற அச்சத்தை முதலிலேயே கிளப்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆதாரப் பள்ளிகளைத் திறந்துவைத்த மந்திரிகளும் அதிகாரிகளும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்குத்தான் அனுப்பினார்கள். கிராமத்துப் பெற்றோர் முட்டாள்கள் அல்ல. எந்தப் பள்ளியில் படித்தவனுக்கு வேலை கிடைக்கிறது என்பதை அவர்கள் கவனித்தார்கள்.

அடுத்து வந்தது கோத்தாரி கமிஷன். 1964-66-ல் கூடிய அது, கைத்தொழில் என்ற சொல்லை விட்டுவிட்டு 'வேலை அனுபவம்' என்றது. 1977-ல் ஈஸ்வர்பாய் படேல் கமிட்டி 'சமுதாயத்துக்குப் பயனுள்ள உற்பத்தி வேலை' என்று பெயர் மாற்றியது. ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் எஸ்.யூ.பி.டபிள்யூ. அந்த நான்கு எழுத்துகளுக்கு நாடு முழுக்க மாணவர்கள் தந்த விரிவு, 'சம் யூஸ்ஃபுல் பீரியட்ஸ் வேஸ்டட்' – பயனுள்ள சில பீரியட்கள் வீண். அந்த நகைச்சுவையில் ஒரு தலைமுறையின் தீர்ப்பு இருந்தது. மெழுகுவர்த்தியும் காகிதப் பூவும் செய்து, ஆண்டு இறுதியில் ஒரு கிரேடு வாங்கி, அதோடு மறந்துவிடும் பாடமாக அது முடிந்தது. பொதுத் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பீரியட்தான்.

மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வியின் கதையும் வேறல்ல. மேல்நிலை மாணவர்களில் 10 சதவிகிதத்தினரை 1990-க்குள்ளும் 25 சதவிகிதத்தினரை 1995-க்குள்ளும் தொழிற்கல்விக்குத் திருப்புவது என்று 1986-ம் வருட தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வைத்தது. 1992-ல் கொள்கை திருத்தப்பட்டபோது அதே இலக்குகள் 1995-க்கும் 2000-க்கும் தள்ளிப்போயின. 2020-ல் வந்த புதிய கொள்கை, 19 முதல் 24 வயது வரையிலான தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவிகிதத்துக்கும் குறைவு என்ற பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கை எடுத்துச் சொல்லி, 2025-க்குள் பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அனுபவம் தருவோம் என்றது. 2023-ல் அசர் ஆய்வு சந்தித்த இளைஞர்களில் ஏதேனும் ஒரு தொழிற்பயிற்சியில் இருந்தவர்கள் 5.6 சதவிகிதம். இலக்குகள் மாறின, எண் நகரவில்லை.

யாருக்குத் தையல், யாருக்கு அல்ஜீப்ரா?

மனோபாவம் சரியில்லை, உடல் உழைப்பை நம்மவர்கள் கேவலமாக நினைக்கிறார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். பாதி உண்மை. மீதிப் பாதியைத் தமிழ்நாட்டின் அனுபவம் சொல்கிறது.

1953-ல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாறுதல் கொண்டுவந்தார். பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் குழந்தைகள் வீட்டிலோ ஊரிலோ தொழில் பழக வேண்டும். குறைந்த செலவில் அதிகக் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அரசின் வாதம். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. வண்ணான் மகன் துணி வெளுக்கவும் குயவன் மகன் சட்டி வனையவும் கற்றால் வக்கீல் மகன் என்ன கற்பான் என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பும் காங்கிரசுக்குள்ளேயே கிளம்பிய அதிருப்தியும் சேர்ந்து 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சந்தேகம் உயிரோடு இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2024-ல் தெரிவித்தது. கைத்தொழில் என்ற சொல்லோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கும் நாட்டில், வாழ்க்கைத் திறன் வேண்டும் என்று சொன்னவுடன் 'யாருடைய பிள்ளைக்கு?' என்று கேட்பது குதர்க்கம் அல்ல. அது நியாயமான கேள்வி.

அதே கேள்வியைப் பெண்களும் கேட்கலாம். நீண்ட காலம் பெண் பள்ளிகளில் மனையியலும் ஆண் பள்ளிகளில் தச்சும் என்று பாடம் பிரிந்துகிடந்தது. பெண் சட்டை தைக்கவும் சத்துணவுப் பட்டியல் போடவும் கற்றாள், சுவிட்ச் போர்டைத் தொடவில்லை. பையன் ரம்பம் பிடித்தான், சோறு வடிக்கத் தெரியாமலே வளர்ந்தான். இருவருக்கும் பாதி வாழ்க்கைதான் கற்றுத்தரப்பட்டது. 2024-ல் கேரள அரசு வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தபோது அது நாடெங்கும் செய்தியாயிற்று. ஓர் ஆண் தேங்காய் துருவுவது செய்தியாக இருக்கும் வரை, சமையல் வீட்டிலேயே கற்றுக்கொள்ளக் கூடியது, பள்ளிக்கு எதற்கு என்ற வாதம் எடுபடாது. வீடு அதைப் பெண் பிள்ளைக்கு மட்டும்தான் கற்றுத்தருகிறது.

பாபலில் வெள்ளிக்கிழமை இல்லை, வேலை நாள்தான்

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் நடைமுறையில் ஒரு பதில் உண்டு. புனே மாவட்டத்தில் மழை குறைந்த ஷிரூர் தாலுகாவில் பாபல் என்று ஒரு கிராமம். இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் உயர் பதவியிலிருந்த விஞ்ஞானி டாக்டர் ஸ்ரீநாத் கல்பாக், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வேலையை விட்டுவிட்டு 1983-ல் இங்கே 'விஞ்ஞான ஆசிரமம்' தொடங்கினார். 2003-ல் காலமாகும் வரை பாபல்தான் அவரது பரிசோதனைக்கூடம்.

கல்பாக் தொடங்கியது தொழிற்பள்ளி அல்ல. ஒரு பையனை வெல்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ ஆக்குவது அவரது நோக்கமாக இருக்கவில்லை. கிராமத்தில் ஒரே ஒரு வேலை தெரிந்தவனுக்கு முழு நேரப் பிழைப்புக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, கையால் செய்துபார்த்துக் கற்பதே மனித மூளைக்கு இயல்பான வழி என்பது அவரது நம்பிக்கை. எனவே எல்லா மாணவர்களுக்கும் நான்கு துறைகளிலும் பயிற்சி: பட்டறை வேலை, எரிசக்தியும் சுற்றுச்சூழலும், விவசாயமும் கால்நடை வளர்ப்பும், வீடும் ஆரோக்கியமும். ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பெண் வெல்டிங் செய்கிறாள், பையன் சமைக்கிறான்.

சாதாரண உயர்நிலைப் பள்ளிகளுக்காக இது 'அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்' என்ற பாடமாயிற்று. 8, 9, 10-ம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு முழு நாள். மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. போர்டு 1980-களிலேயே இதை அங்கீகரித்தது. அதாவது மார்க் உண்டு. இது சின்ன விஷயம் அல்ல. மார்க் இல்லாத எதையும் இந்தியப் பள்ளி மதிப்பதில்லை, பெற்றோரும் மதிப்பதில்லை.

கற்றுத்தருபவர்கள் பி.எட். படித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஊரில் பட்டறை வைத்திருப்பவர், மோட்டார் பழுதுபார்ப்பவர், நல்ல விவசாயி ஆகியோர் பகுதி நேரப் பயிற்றுநர்களாக வருகிறார்கள். மாணவர்கள் செய்யும் வேலையும் கண்காட்சிக்கான மாதிரி அல்ல. பள்ளிக்கு ஒரு கேட் வேண்டும் என்றால் மாணவர்கள் செய்கிறார்கள். ஊராரின் வயல் மண்ணைப் பரிசோதித்துச் சொல்கிறார்கள். ரத்த வகை பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் அளவு பார்க்கிறார்கள். இந்தச் சேவைக்கு ஊரார் ஒரு சிறு தொகை தருகிறார்கள். காசு கொடுப்பவன் குறை சொல்வான். கேட் சரியாக மூடவில்லை என்றால் திரும்பி வருவான். எந்தத் தேர்வுத்தாளும் தர முடியாத படிப்பு அது.

பாடங்களோடு இணைப்பும் இங்கே தானாக நிகழ்கிறது. கேட் செய்ய எத்தனை அடி இரும்பு, என்ன எடை, என்ன விலை, கூலி எவ்வளவு என்று எஸ்டிமேட் போட வேண்டும். அது கணக்கு. சட்டம் கோணாமல் இருக்கக் குறுக்கே ஒரு பட்டை ஏன் என்று கேட்டால் அது முக்கோணம். கோழிக் குஞ்சுகளுக்குத் தீவனம் போட்டு வாரா வாரம் எடை பார்த்தால் அது வரைபடம். இந்த மாணவன் ஸ்கேலில் இரண்டாவது சென்டிமீட்டரிலிருந்து அளக்கச் சொன்னால் விழிக்க மாட்டான்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் சேரக்கூடிய ஓராண்டு டிப்ளமா ஒன்றும் பாபலில் உண்டு. அதற்குத் தேசியத் திறந்தவெளிப் பள்ளி நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறது. பள்ளி தோற்றவன் என்று முத்திரை குத்தி அனுப்பியவர்கள் இங்கே கவிந்த கூரை வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் 'ஃபேப் லேப்' என்ற நவீனப் பட்டறையை முதன்முதலாக வெளியே கொண்டுபோனபோது, 2002-ல் தேர்ந்தெடுத்த இடங்களில் பாபல் முன்னணியில் இருந்தது. ராட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வரை கருவி எதுவானாலும் கொள்கை ஒன்றுதான் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் இது ஏன் நாடெங்கும் இல்லை? பாபலின் பாடம் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. ஆனால் மகாராஷ்டிரத்தில் மட்டுமே உயர்நிலைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பட்டறைக்கு இடம் வேண்டும், கருவிகள் வேண்டும், இரும்பும் விதையும் வாங்க ஆண்டுதோறும் பணம் வேண்டும், பயிற்றுநருக்குச் சம்பளம் வேண்டும். கரும்பலகையும் சாக்பீஸும் இதைவிட மலிவு. வாரத்தில் ஒரு நாளைக் கொடு என்றால் மற்ற ஆசிரியர்கள் சிலபஸ் முடியாது என்று கை விரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. புத்தகச் சுமை பற்றி யஷ்பால் கமிட்டி 1993-லேயே எச்சரித்த பிறகும் சுமை குறைந்துவிடவில்லை.

உயிர் காக்கும் பாடங்கள்

சில திறன்கள் இவ்வளவு ஏற்பாடுகூடக் கேட்பதில்லை. 2000-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்தவர்கள். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு பீரியட் போதும். பாம்பின் வகைப்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இது தெரியாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஆண்டுக்கு 36,000-க்கு மேல் என்கிறது தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்கு. பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீச்சல் குளம் இல்லாத பள்ளிகூட, மூழ்குபவனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவன் குதிக்கக் கூடாது, கயிறோ கம்போ துணியோ நீட்ட வேண்டும் என்பதைக் கற்றுத்தர முடியும்.

பண விஷயமும் இந்த வகைதான். இந்திய ரிசர்வ் வங்கி உள்ளிட்ட நிதித் துறை அமைப்புகள் உருவாக்கிய தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் எடுத்த கணக்குப்படி நிதி அறிவு பெற்றவர்கள் வயதுவந்தோரில் 27 சதவிகிதம்தான். போனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதும், பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண் தேவையே இல்லை என்பதும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்தால் அவன் வீட்டுக்கே அது காப்பு.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கடன் கணக்கில் பத்தில் ஒன்பது பேர் தோற்றதற்குக் காரணம் 'நிதிக் கல்வி' என்ற தனிப் பாடம் இல்லாதது மட்டும் அல்ல. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்களே அதே ஆய்வில் 43.3 சதவிகிதம்தான். கால் வாசிப் பேர் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாகப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவன் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் அச்சிட்ட செய்முறையைப் படிக்க மாட்டான். எழுத்தும் கணக்கும்தான் முதல் வாழ்க்கைத் திறன். அவற்றைக் கைவிட்டுவிட்டுத் தையல் சொல்லித்தருவதாகப் பள்ளி பெருமைப்பட்டால், அது 1953-ன் மறுபதிப்பாகத்தான் இருக்கும்.

பத்து நாளா, வாரம் ஒரு நாளா?

புதிய கல்விக் கொள்கை 6 முதல் 8-ம் வகுப்பு வரை பத்து 'பையில்லா நாட்கள்' வேண்டும் என்கிறது. அந்த நாட்களில் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் பழகுவார்கள். இதற்கான வழிகாட்டி 2024 ஜூலையில் வெளியாயிற்று. 2023-ம் வருட தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வியை எல்லோருக்குமான பாடமாக்கி, உயிரினங்களோடு வேலை, இயந்திரங்கள் பொருட்களோடு வேலை, மனிதர்களுக்குச் சேவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கான 'கௌஷல் போத்' என்ற புத்தகமும் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா வகை வேலையும் என்ற யோசனை, சொல்லப்போனால், பாபலின் யோசனை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி இந்த வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். பத்து நாளை ஆண்டுதோறும் ஒதுக்கினாலும் அது இருபத்திரண்டில் ஒரு பங்கு. வாரம் ஒரு நாள் என்றால் முப்பத்தைந்து நாட்களுக்குக் குறையாது. பத்து நாளில் பானை வனைவதை வேடிக்கை பார்க்கலாம், வனையக் கற்க முடியாது. புத்தகம் வந்ததும் இன்னோர் ஆபத்து. விதைப்பதைப் பற்றிப் படித்து, விதைப்பதைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதி, மண்ணைத் தொடாமலே தேறிவிடும் சாமர்த்தியம் நம் பள்ளிகளுக்கு உண்டு.

ஆசிரியர் பிரச்னை அதைவிடப் பெரியது. பல மாநிலங்களில் தொழிற்கல்வி ஆசிரியர்கள் தனியார் கம்பெனிகள் மூலம் ஒப்பந்த முறையில் அமர்த்தப்படுகிறார்கள். ஹிமாசலப் பிரதேசத்தில் இவர்கள், இடையிலிருக்கும் கம்பெனிகளை நீக்க வேண்டும் என்று கோரி 2024 நவம்பரில் சிம்லாவில் தர்ணா இருந்தார்கள். தன் வேலையே அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாதவரிடம் நாட்டின் கல்வி மாற்றம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அரசியலும் தன் பங்குக்கு விளையாடுகிறது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2019-ல் தொழில்முனைவோர் பாடம் வந்தது. 2021-ல் மாணவர்களுக்கு முதலீட்டுத் தொகை கொடுத்து வியாபாரம் செய்யச் சொன்னார்கள். 2025-ல் ஆட்சி மாறியதும் 'நீவ்' என்ற வேறொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. திட்டங்களின் பெயர்கள் ஆட்சியோடு மாறுகின்றன. பள்ளியில் ஒரு பட்டறை உருவாக அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

ஆகவே பள்ளிகள் வாழ்க்கைத் திறன்களைக் கற்றுத்தர வேண்டுமா என்பதல்ல விவாதம். அது 1937-லேயே தீர்ந்துவிட்டது. எந்த நிபந்தனைகளில் என்பதுதான் மிச்சம் இருக்கிறது. வார்தாவின் தோல்வியும் பாபலின் வெற்றியும் சேர்ந்து சொல்லும் நிபந்தனைகள் சிலவே: கணக்கையும் அறிவியலையும் விட்டு விலகாமல் அவற்றுக்குள்ளேயே வேலை வர வேண்டும், கால அட்டவணையில் யாராலும் பறிக்க முடியாத ஒரு நாள் வேண்டும், மார்க் வேண்டும், நிரந்தரமாகச் சம்பளம் வாங்கும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் கடினமானது. கிராமத்து அரசுப் பள்ளியில் ரம்பமும் நகரத்துத் தனியார் பள்ளியில் ஐ.ஐ.டி. கோச்சிங்கும் என்று இருக்கும் வரை எந்தப் பெற்றோரும் ரம்பத்தை நம்பப் போவதில்லை. கலெக்டரின் மகள் வாரம் ஒரு நாள் கையில் கிரீஸ் படிந்து வீடு திரும்புகிறாளா என்று பார்த்தால் போதும். அப்படித் திரும்பினால் திட்டம் நிஜம். இல்லையென்றால் இன்னொரு எஸ்.யூ.பி.டபிள்யூ.